கியர் மாத்தினா கெத்து குறையுமா? மண் ரோட்டின் காதலன் வெலோசியோவின் கதை

உங்க சைக்கிள்ல கியர் இருக்கா? இருந்தா, மேடு வரும்போது மாத்துவீங்களா? இல்ல, பின்னாடி வர்ற ஃப்ரெண்ட் பார்க்கிறானேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு அதே கியர்ல மிதிப்பீங்களா?

சும்மா கலாய்க்கக் கேட்கலை. சுமார் 120 வருஷத்துக்கு முன்னாடி பிரான்ஸ்ல இதே கேள்வியை வெச்சு பெரிய சண்டையே நடந்திருக்கு. ஒரு பக்கம், உலகத்தின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கி வைத்த பத்திரிகை ஆசிரியர். இன்னொரு பக்கம், பட்டு வியாபாரத்தை விட்டுட்டு சைக்கிள் கடை போட்ட, மாமிசம் தொடாத, லத்தீன் படிக்கிற ஒரு மனுஷர். அவர் பேர் போல் தெ விவி. சைக்கிள் உலகம் அவரை வெலோசியோ என்ற புனைபெயரில்தான் இன்னைக்கும் கூப்பிடுது.

அவரைப் பற்றி இப்ப ஏன்? காரணம் இருக்கு. ஒரு நாலஞ்சு வருஷமா உங்க இன்ஸ்டா ஃபீடில் 'கிராவல் பைக்கிங்' வீடியோக்கள் நிறைய வருதில்லையா? வளைந்த ஹேண்டில்பார், தடிச்ச டயர், தார் ரோட்டை விட்டு இறங்கி காட்டுக்குள்ளும் வயல்வெளியிலும் சரளை மண்ணில் போகும் சைக்கிள்கள். ஹார்ன் சத்தம் இல்லை, லாரி இல்லை. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 2006-ல் சின்னதாகத் தொடங்கிய ஒரு சரளைச் சாலைப் பந்தயம் இன்னைக்கு 'அன்பவுண்ட் கிராவல்' என்ற பெயரில் உலகப் புகழோடு நடக்குது. 2022-ல் இதற்கென்று தனி உலக சாம்பியன்ஷிப்பே வந்துவிட்டது. புது ட்ரெண்ட் என்று பேசிக்கிறாங்க.

புதுசு எல்லாம் ஒண்ணும் இல்லை. வெலோசியோ காலத்தில் இருந்ததே இந்த ரோடுதான்.

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கம் உள்ளவங்களுக்கு இது சட்டென்று புரியும். பூ மார்க்கெட்டைத் தாண்டி மெயின் ரோட்டை விட்டு இறங்கினா போதும். செம்மண் பாதை, ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுவில் பலா, வெற்றிலைக் கொடிக்கால். விடியக்காலையில் மல்லி, முல்லை மூட்டையோடு வர்ற டூவீலர்களைத் தவிர எதிரில் ஒருத்தரும் வர மாட்டாங்க. அப்படியே குளமங்கலம் பக்கம் திரும்பினா, வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் 33 அடி உயரக் குதிரை மரங்களுக்கு மேலே தலையைத் தூக்கிக்கிட்டு நிக்கும். மாசி மகத்துக்கு அந்தக் குதிரைக்கு ஊர் ஊராகக் காகிதப்பூ மாலை வரும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் இப்ப இளம் தென்னைகள் நிக்குது. வெளிநாட்டில் காசு கட்டித் தேடிப் போகிற மாதிரியான பாதை இங்கே வீட்டு வாசல்லயே கிடக்கு.

ஆனா ஒரு சிக்கல். இந்தப் பாதையில் மணல் சேர்ந்த இடத்தில் சக்கரம் புதையும். ஆடி மாசக் காத்து எதிரில் அடிச்சா, மலையே இல்லாத ஊரிலும் மலை ஏறுற மாதிரி மூச்சு வாங்கும். அந்த இடத்தில் உங்களுக்குக் கைகொடுக்கிறது கியர். அந்த கியருக்காக வாழ்நாளில் பாதியைச் செலவழிச்சவர்தான் நம்ம ஆள்.

பட்டு வியாபாரிக்குப் பிடிச்ச சைக்கிள் பித்து

1853 ஏப்ரல் 29-ம் தேதி, தெற்கு பிரான்ஸில் பெர்ன் என்ற சின்ன ஊரில் பிறந்தார் போல் தெ விவி. புரோவான்ஸ் பகுதி அது. நல்ல வெயில், திராட்சைத் தோட்டம், ஆலிவ் மரம். பள்ளியில் லத்தீன், கிரேக்கம் என்று பழைய மொழிகளில் மூழ்கினார். அந்தப் பழக்கம் கடைசி நாள் வரை விடவில்லை. பிழைப்புக்கு மட்டும் பட்டுத் தொழில். முப்பது வயதுக்குள் சொந்த வியாபாரம், மனைவி, மூன்று குழந்தைகள் என்று வாழ்க்கை செட்டில் ஆகிவிட்டது.

செட்டில் ஆனவர் 1881-ல் ஒரு சைக்கிள் வாங்கினார். அன்றைய சைக்கிள் என்றால் முன் சக்கரம் ஆள் உயரம், பின் சக்கரம் தட்டு அளவு. படத்தில் பார்த்திருப்பீங்க. அதில் செயின் கிடையாது. பெடல் நேராக முன் சக்கரத்தின் நடுவில். ஒரு தடவை மிதிச்சா சக்கரம் ஒரு தடவை சுற்றும், அவ்வளவுதான். வேகம் வேணும்னா சக்கரத்தைப் பெரிசாக்கணும். பெரிசாக்கினா உட்காரும் இடம் உயரும். கல்லில் இடிச்சா தலைகுப்புற விழணும். டயரில் காற்றும் கிடையாது, திடமான ரப்பர். டன்லப் காற்றடிச்ச டயரைச் செஞ்சது 1888-ல்தான். இந்த வண்டியில், ஜல்லி கொட்டின சாலையில் போறதை ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்க. இடுப்பு இன்னொரு பக்கம் போயிடும்.

நண்பர் ஒருவர் அவரிடம் ஒரு சவால் விட்டார். ஆறு மணி நேரத்தில் 100 கிலோமீட்டர் போக முடியுமா? போல் கிளம்பினார். லா ஷேஸ் தியூ என்ற மலையூர் வரைக்கும் போன பயணம் அது. சவாலைவிட முக்கியமான ஒன்று அந்த வழியில் அவருக்குக் கிடைத்தது. கணக்குப் புத்தகமும் கிடங்கும் கடையும் மட்டுமே உலகம் என்று இருந்த ஒருத்தருக்கு, ஊருக்கு வெளியே காடும் வயலும் திறந்த வானமும் இருப்பது தெரிந்தது. நம்மில் பல பேருக்கு லாக்டௌன் முடிஞ்ச சமயம் வந்த அதே ஃபீலிங்னு வெச்சுக்குங்களேன்.

வியாபார வேலையாக அவர் இங்கிலாந்துக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. அப்போது சைக்கிள் தொழிலின் தலைநகரம் அங்கிருந்த கவன்ட்ரி. போனவர் பட்டைப் பார்த்தாரோ இல்லையோ, சைக்கிள் பட்டறைகளைப் பார்த்தார். 1887-ல் பட்டுத் தொழிலை விற்றுவிட்டு, செயின்ட் எட்டியென் நகரத்தில் கவன்ட்ரி சைக்கிள்களை இறக்குமதி செய்து விற்கும் கடையைத் திறந்தார். கூடவே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். கொஞ்ச நாளில் அதன் பெயர் 'லெ சிக்லிஸ்த்' ஆனது. சைக்கிளோட்டி என்று அர்த்தம். அதில்தான் வெலோசியோ பிறந்தார்.

குடும்பஸ்தர் ஒருத்தர் நல்லா ஓடிக்கிட்டிருந்த வியாபாரத்தை விட்டுட்டு, பாதிப் பேர் பொம்மைன்னு நினைக்கிற ஒரு பொருளை நம்பி இறங்கினதை நினைச்சா எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான். இடத்தை மட்டும் சரியாகப் பிடித்தார். செயின்ட் எட்டியென் நிலக்கரிச் சுரங்கமும் ரிப்பன் நெசவும் துப்பாக்கித் தொழிற்சாலையும் உள்ள ஊர். இரும்பைத் துல்லியமாகக் கடைந்தெடுக்கத் தெரிந்த கைகள் அங்கே ஏராளம். துப்பாக்கிக் குழாய் செய்யத் தெரிந்தவருக்கு சைக்கிள் குழாய் செய்வது பெரிய வேலையா? சில வருஷங்களில் அந்த ஊர் பிரான்ஸின் சைக்கிள் தலைநகரமாக மாறியது. வெலோசியோவும் 1889-ல் 'லா கோலுவாஸ்' என்று தன் முதல் சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்றைய சைக்கிள் போலவே வைர வடிவ ஃபிரேம், பின் சக்கரத்துக்குச் செயின். கியர் ஒன்றே ஒன்று.

பைப் பிடிச்சவர் முந்திப் போனார்

செயின்ட் எட்டியென் ஊரை விட்டுத் தெற்கே கிளம்பினால் உடனே ஏற்றம்தான். 1,161 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். வரைபடத்தில் கோல் தெ லா ரெபுப்ளிக். உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர் கிராந்த் புவா, அதாவது பெரிய காடு. ஊசியிலை மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் பாதை. வெலோசியோவுக்கு இதுதான் ஜிம், இதுதான் சோதனைச்சாலை, ஒருவகையில் இதுதான் கோயிலும்.

ஒருநாள் அந்த ஏற்றத்தில் அவர் மூச்சிறைக்க மிதித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் வந்து முந்திக்கொண்டு போனார். வந்தவர் அவருடைய பத்திரிகையின் வாசகர். வாயில் புகையும் பைப் வேறு! பத்திரிகை ஆசிரியர், சைக்கிள் கடை முதலாளி, ஊருக்கே சைக்கிள் பற்றிப் பாடம் எடுக்கிறவர். எப்படி இருந்திருக்கும்? இன்னும் வேகமாக மிதிக்கலாம் என்றால், இருக்கும் ஒரே கியரில் கால்கள் அதற்கு மேல் வரவில்லை. இந்தச் சம்பவத்தை அவருடைய வாழ்க்கைக் கதையைச் சொல்லும் எல்லாருமே சொல்வார்கள்.

அடிபட்ட ஈகோவோடு ஜிம்முக்குப் போகிறவர்கள் உண்டு. இவர் யோசிக்கப் போனார். பிரச்னை காலில் இல்லை, வண்டியில் இருக்கிறது என்று பிடித்தார்.

கணக்கு ரொம்ப சிம்பிள். முன்னாடி பெடலோடு இருக்கும் பல்சக்கரத்தில் 44 பல், பின்னாடி 22 பல் என்று வையுங்கள். ஒரு தடவை மிதிச்சா பின் சக்கரம் ரெண்டு தடவை சுற்றும். வண்டி சுமார் 4.2 மீட்டர் நகரும். சமதளத்தில் சூப்பர். ஏற்றத்தில் அதே 4.2 மீட்டருக்கு உங்கள் உடம்பையும் வண்டியையும் ஒரே மிதியில் தூக்கணும். முட்டி கெஞ்சும். பின்னாடி 33 பல் இருந்தால்? ஒரு மிதிக்கு 2.8 மீட்டர்தான். மெதுவாத்தான் போவீங்க. ஆனா ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய பலம் மூன்றில் ஒரு பங்கு குறையும். இறங்கித் தள்ள வேண்டியதில்லை. ஒரே சைக்கிளில் ரெண்டு அளவும் இருந்துவிட்டால் பாதைக்குத் தகுந்தபடி மாத்திக்கலாம் இல்லையா?

இன்னைக்கு கட்டை விரலால் தட்டினா கியர் மாறுது. அன்னைக்கு? முதலில் அவர் முன்பக்கம் ரெண்டு பல்சக்கரங்களைச் சேர்த்து வைத்தார். ஏற்றம் வந்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கி, செயினைக் கையால் தூக்கி அடுத்ததில் மாட்டணும். சின்ன வயசில் செயின் கழண்டு, நடுரோட்டில் குத்தவெச்சு மாட்டி, கையெல்லாம் கிரீஸ் ஆன ஞாபகம் வருதா? அதையே வேண்டும் என்றே, ஒவ்வொரு மேட்டுக்கும் செய்தார் மனுஷர். அப்புறம் வலப்பக்கம் ஒரு செயின், இடப்பக்கம் ஒரு செயின் என்று நாலு வேகங்கள் வரை போனார். இங்கிலாந்தில் யாராவது புதிதாக ஒரு கியர் செய்தால் வரவழைத்து அந்தக் கணவாயில் ஏற்றிப் பார்ப்பார். நல்லதோ கெட்டதோ, பத்திரிகையில் எழுதிவிடுவார்.

அவரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. மெக்கானிக்குகள், கடைக்காரர்கள், வாசகர்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் மேம்படுத்தினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் டிரெய்லர், அந்தக் கூட்டத்தின் கைகளில்தான் வளர்ந்தது. அவர்களில் ஜோவானி பனெல் என்பவர் கொண்டுவந்த ஒன்றுக்கு 'லெ ஷெமினோ' என்று பெயர். ஊர் ஊராக நடந்து திரியும் நாடோடி என்று பொருள். என்ன அழகான பேர்! வெலோசியோ இதற்கெல்லாம் காப்புரிமை வாங்கிப் பணம் பார்க்கவில்லை. தெரிந்ததை எல்லாம் பத்திரிகையில் போட்டு ஊருக்கே கொடுத்தார். இன்றைய பாஷையில் ஓப்பன் சோர்ஸ்.

45 வயசுக்கு மேல்தான் கியரா?

இப்ப சண்டைக்கு வருவோம்.

1902-ல் பிரான்ஸின் டூரிங் கிளப், சுற்றுலா சைக்கிள்களுக்கு மலைப்பாதையில் ஒரு சோதனைப் போட்டி வைத்தது. பந்தய வீரர்களும் இருந்தார்கள், ஒற்றை கியர் வண்டிகளும் இருந்தன. அதில் மார்த் ஹெஸ் என்ற பெண்ணும் கலந்துகொண்டார். அவர் ஓட்டியது மூன்று கியர் உள்ள லா கோலுவாஸ். நீண்ட மலையேற்றங்களை, காலைத் தரையில் ஊன்றாமல், இறங்கித் தள்ளாமல் அவர் ஓட்டி முடித்தார். கியர் ஆதரவாளர்களுக்குக் கொண்டாட்டம். இதைவிட வேறு என்ன சாட்சி வேணும்?

எதிர்த்தரப்பில் இருந்தவர் ஆன்றி தெக்ராஞ்ச். 'லோட்டோ' என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர். அடுத்த வருஷமே, 1903-ல், டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவர். ஒரு காலத்தில் அவரும் சைக்கிள் பந்தய வீரர்தான். அவருக்கு சைக்கிள் என்றால் போராட்டம், வலி, தசை. கியர் மாற்றுவது 45 வயசைத் தாண்டியவர்களுக்கு வேண்டுமானால் சரி, இளைஞர்கள் இயந்திர வித்தையால் இல்லாமல் தசையால்தான் ஜெயிக்கணும் என்பது அவர் எழுதியதன் சாரம். எழுதினதோடு நிற்கவில்லை. தன் பந்தயத்தில் டிரெய்லருக்கு இடம் கொடுக்காமல் பல வருஷம் பிடிவாதமாக இருந்தார். வீரர்கள் பின் சக்கரத்தின் இரு பக்கமும் வேறு வேறு அளவில் பல்சக்கரம் மாட்டி, மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். குளிரிலும் மழையிலும் விறைத்த விரல்களோடு!

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 1903-ல் முதல் டூர் தெ பிரான்ஸ் கடந்த முதல் பெரிய கணவாய் எது தெரியுமா? வெலோசியோவின் அதே கோல் தெ லா ரெபுப்ளிக். மறு வருஷம் அதே ஏற்றத்தில், ராத்திரி இருட்டில், உள்ளூர் வீரரின் ரசிகர்கள் மற்ற வீரர்களை மறித்து அடித்த கதையும் உண்டு. ரசிகர் சண்டை நம்ம ஊருக்கு மட்டுமே சொந்தம்னு நினைச்சிடாதீங்க.

தெக்ராஞ்ச் சொன்னதில் நியாயமே இல்லையா என்றால், பந்தயத்துக்கு ஒரு கோணத்தில் இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே வண்டி, யார் பலசாலி என்று பார்ப்போம் என்பது ஒரு விளையாட்டு விதி. ஆனால் வெலோசியோ பேசிக்கொண்டிருந்தது வேறு ஆட்களைப் பற்றி. குமாஸ்தா, ஆசிரியர், நெசவாளி, ஐம்பதைத் தாண்டியவர், பெண்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டுப்பாதையில் போய்விட்டு சாயங்காலம் வீட்டுக்கு நல்லபடியாகத் திரும்பணும் என்று நினைப்பவர்கள். உடம்பை வண்டிக்கு ஏற்ப வளைக்காதே, வண்டியை உடம்புக்கு ஏற்ப மாற்று. அவருடைய மொத்த வாதமும் இதுதான்.

இதைப் படிக்கும்போது எனக்குப் புதுக்கோட்டைதான் ஞாபகம் வந்தது. 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். அந்தக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அப்போதும் கிண்டல் இருந்தது. யார் ஓட்டலாம், யார் ஓட்டக் கூடாது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் எப்பவும் எல்லா ஊரிலும் இருக்கும்போல. உங்க அம்மாவோ அத்தையோ சித்தியோ அந்த வருஷம் சைக்கிள் கற்றவராக இருக்கலாம். கேட்டுப் பாருங்க, கதை கிடைக்கும்.

பசிக்கும் முன் சாப்பிடு

வெலோசியோ கடையில் உட்கார்ந்து எழுதியவர் மட்டும் இல்லை. ராத்திரி முழுக்க ஓட்டுவார். ஈஸ்டர் விடுமுறை வந்தால் மலைநாட்டுக் குளிரிலிருந்து தெற்கே தன் சொந்த நாடான புரோவான்ஸுக்கு இறங்குவார். பின்னால் ஒரு பட்டாளம் போகும். சாயங்காலம் கிளம்பி, நிலா வெளிச்சத்தில் ரோன் நதிப் பள்ளத்தாக்கைப் பிடித்து, விடியும்போது ஆலிவ் மரங்களுக்கு நடுவே இருப்பார்கள். அந்த ஈஸ்டர் பயணம் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அவரைப் பின்பற்றியவர்களை செயின்ட் எட்டியென் பள்ளி என்றே அழைத்தார்கள். கட்டடம் இல்லாத பள்ளி.

இந்த அனுபவத்தை வைத்து நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு அவர் ஏழு கட்டளைகள் எழுதினார். இன்றைக்கும் உலகம் முழுக்க சைக்கிள் கிளப்களில் அதைச் சொல்கிறார்கள். என் வார்த்தையில் சொன்னால், அதிகம் நிற்காதீங்க, நின்றாலும் சீக்கிரம் கிளம்புங்க. பசி வருவதற்கு முன்பே கொஞ்சமா சாப்பிடுங்க, தாகம் எடுக்கும் முன்பே குடிங்க. இதை இன்றைய ஸ்போர்ட்ஸ் நியூட்ரிஷனிஸ்ட்டிடம் போனாலும் ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொல்வார். சாப்பாடும் தூக்கமும் வராத அளவுக்கு உடம்பைக் களைக்க விடக் கூடாது. குளிரும் முன்பே போர்த்திக்கணும், புழுங்கும் முன்பே கழற்றணும். வெயிலும் மழையும் தோலில் படட்டும், பயப்படாதீங்க. வண்டியில் இருக்கும் வரையாவது மதுவும் மாமிசமும் புகையிலையும் வேண்டாம். அவரே சுத்த சைவம், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே பேசுவார்.

மீதி ரெண்டுதான் எனக்குப் பிடித்தவை. ஒன்று, உடம்பால் முடிந்ததைத் தாண்டி முறுக்காதே, அதுவும் தெம்பு பொங்கும் முதல் சில மணி நேரத்தில். இன்னொன்று, பெருமைக்காக மிதிக்காதே. ஸ்ட்ராவாவும் இன்ஸ்டாவும் பிறக்க 100 வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் இதை எழுதி வெச்சிருக்கார் பாருங்க!

டயரிலும் அவர் அப்படித்தான். ஒல்லியான, கல் மாதிரி காற்றடித்த டயர்தான் வேகம் என்று எல்லாரும் நம்பிய காலத்தில், கரடுமுரடான பாதைக்கு அகலமான மெத்தென்ற டயரே சரி என்று வாதாடினார். குலுங்கும் வண்டி ஓட்டுபவரின் சக்தியை வீணாக்கும் என்பது அவர் அனுபவம். இன்றைய கிராவல் பைக்கில் போடுவது பெரும்பாலும் 35-லிருந்து 50 மில்லிமீட்டர் அகல டயர்.

இங்கே ஒரு சின்ன ரகசியம். உங்க தாத்தா வெச்சிருந்த கறுப்பு நிற கம்பி பிரேக் சைக்கிள் வீட்டுக் கொல்லையில் இன்னும் கிடந்தால் அதன் டயரைத் திருப்பிப் பாருங்க. 28 × 1½ என்று போட்டிருக்கும். ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர். சுத்தமான கிராவல் டயர் சைஸ்! அந்த வண்டி நம்ம மண் ரோட்டுக்காகவே அளவெடுத்த மாதிரி வந்ததுதான். அதில் இல்லாதது கியர் ஒன்றுதான். அதனால் கீரமங்கலத்துச் செம்மண்ணில் இறங்க லட்ச ரூபாய் வண்டிக்கு இ.எம்.ஐ போட வேண்டியதில்லை. இருக்கிற சைக்கிளில் கொஞ்சம் அகலமான டயர் போட்டு, காற்றை ஒரு துளி குறைத்து, மணல் வந்ததும் வெட்கப்படாமல் லேசான கியருக்கு மாறினால் போதும். செயினை மட்டும் துடைச்சு எண்ணெய் விட மறந்துடாதீங்க. செம்மண் புழுதி அதை அரைச்சுத் தின்னுடும்.

புழுதி போய் தார் வந்தது

வெலோசியோ ஓட்டிய சாலைகளில் ட்ராஃபிக் இல்லை. அதை அவர் தேடிப் போகவில்லை. மோட்டார் வாகனங்களே இன்னும் வராத காலம் அது. குதிரை வண்டி, மாட்டு மந்தை, நடந்து போகும் மனிதர்கள், சைக்கிள். உடைத்த கல்லைப் பரப்பி, உருளையால் அழுத்திய சாலை. அவர் பிறந்ததிலிருந்து நடுவயது வரைக்கும் இதுதான் உலகம்.

1900-க்குப் பிறகு கார்கள் பெருகின. கல் சாலையில் வேகமாக ஓடும் கார், கல்லுக்கு நடுவில் இருந்த மண்ணைத் தூக்கி எறிந்தது. சாலையோர வீடு, வயல், துணிமணி எல்லாம் புழுதி. அந்தப் புழுதியை அடக்க 1902-ல் மொனாக்கோவில் குக்லியல்மினெட்டி என்ற மருத்துவர் சாலையில் தார் ஊற்றிக் காட்டினார். யோசனை பிரமாதமாக வேலை செய்தது. புழுதி அடங்கியது. வழுவழுப்பான சாலையில் கார்கள் இன்னும் வேகமாக ஓடின. புழுதிக்குக் காரணமான வண்டிக்குத்தான் பரிசாக நல்ல ரோடு கிடைத்தது. சைக்கிள்காரர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். இன்னும் தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கிறோம். பட்டுக்கோட்டை ரோட்டிலோ திருச்சி ரோட்டிலோ சைக்கிளில் போகிறவர்களைக் கேளுங்கள், பஸ் ஹார்னுக்கு எத்தனை தடவை மண்ணில் இறங்கினோம் என்று கணக்கு சொல்வார்கள்.

1920-களில் அவர் எழுபதைத் தொட்டுவிட்டார். அப்போதும் ஓட்டினார். 1922-ல் அவருடைய அன்பர்கள் சேர்ந்து அவருக்காக ஒரு நாளை ஏற்பாடு செய்தார்கள். செயின்ட் எட்டியெனிலிருந்து அந்தக் கணவாய் வரை எல்லாரும் சேர்ந்து ஏறுவது. 'ஜுர்னே வெலோசியோ', வெலோசியோ தினம்.

1930 பிப்ரவரி இறுதி. அவருக்கு 76 வயது. அன்று காலையிலும் வழக்கம்போல ரோமானியத் தத்துவவாதி செனெகாவைப் படித்துவிட்டுக் கிளம்பினார் என்பார்கள். ஓட்டக்கூட இல்லை, சைக்கிளைக் கையில் பிடித்து உருட்டிக்கொண்டு நகரத்துக்குள் சாலையைக் கடந்தார். எதிரில் வந்த காரைத் தவிர்க்கப் பின்னால் ஒதுங்கினார். அந்தப் பக்கம் வந்த டிராம் அவர்மேல் மோதியது. மலைச்சரிவுகளில் இருட்டிலும் பனியிலும் எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் போய் நல்லபடியாகத் திரும்பியவர், கடைசியில் தன் ஊர்த் தெருவில், சைக்கிளைப் பிடித்த கையோடு விழுந்தார்.

தெக்ராஞ்ச் 1936-ல் உடல்நிலை காரணமாக டூர் தெ பிரான்ஸ் பொறுப்பை இன்னொருவரிடம் விட்டு விலகினார். அடுத்த வருஷமே, 1937-ல், பந்தயத்தில் டிரெய்லர் அனுமதிக்கப்பட்டது. அந்த வருஷம் ஜெயித்த ரோஜர் லப்பெபி, டிரெய்லரோடு டூரை வென்ற முதல் ஆள். இன்று கியர் இல்லாத பந்தய சைக்கிளோடு அந்த மலைகளுக்கு ஒருவரும் போவதில்லை.

கோல் தெ லா ரெபுப்ளிக் உச்சியில், காட்டுக்கு நடுவே, வெலோசியோவுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அவர் போன பிறகும் அந்த ஏற்ற நாள் தொடர்ந்தது. எண்பது வயதுக்காரர்கள், அப்பா அம்மாவோடு வரும் குழந்தைகள், ரெண்டு பேர் ஓட்டும் சைக்கிளில் தம்பதிகள், பளபளக்கும் கார்பன் வண்டிக்காரர்கள், பழைய இரும்பு வண்டிக்காரர்கள் என்று கலந்து ஏறுவார்கள். ஏற்றம் 12 கிலோமீட்டருக்கு மேல். பாதி வழியில், மரங்கள் நெருக்கமாகும் இடத்தில் சரிவு கொஞ்சம் கூடும். அங்கே வரிசையாக க்ளிக், க்ளிக் என்று கியர் மாறும் சத்தம் கேட்கும்.